இரண்டு பேர் என்றேன்

எத்தனை பேர் வந்தீர்கள் என்று அந்த வனக்காவலர் கேட்டார். இரண்டு பேர் என்று சொன்னேன். நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் அப்போது மலைமேல் இருந்தான். நான் மறந்து வைத்துவிட்டு வந்த கேமராவை எடுத்துவரப் போயிருந்தான். பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னால், அதற்குள் என்மேல் உங்களுக்கு ஒரு பிரியம் வந்துவிடும். அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

எண்பதுகளின் நடுவில் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஊரில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு அபார்ட்மென்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். நான் திருச்சிக்காரன். சிப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவு இன்ஜினியர். என்னோடு ஒரே கல்லூரியில் படித்த மெட்ராஸ் நண்பன் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்தான். மூன்றாமவன் யாழ்ப்பாணத்துக்காரன். படிக்க வந்தவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவனுடைய அப்பாவின் கடையை எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டிலிருந்து பணம் வரவில்லை. கல்லூரிக்குக் கட்ட முடியாமல் படிப்பு நின்றது. படிப்பு நின்றதும் விசாவும் போயிற்று. ஒரு பெட்ரோல் பங்கில் கல்லாவில் நின்றுகொண்டிருந்தான். எங்கள் வீட்டு வாடகைக் காகிதத்தில் அவன் பெயர் கிடையாது, தபால் பெட்டியிலும் கிடையாது. வீட்டுக்காரர் வருகிற நாளில் அவன் பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் எங்களுக்குக் கால் வீட்டில் தங்காது. அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவன் அவன்தான். எங்கள் ஆபீஸ்களில் வெள்ளைக்காரர்கள் திங்கட்கிழமை வந்து மலை, பள்ளத்தாக்கு என்று பேசுவதைக் கேட்டுவிட்டு நாங்கள் சும்மா இருந்துவிடுவோம். அவன் சும்மா இருக்கமாட்டான். பங்கில் விற்கிற வரைபடங்களை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து விரிப்பான். “மச்சான், இவ்வளவு பெரிய நாட்டுக்கு வந்திட்டு மில்க்கும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு கிடக்கிறியளே” என்பான். என்னுடைய பழைய கொரோலாவில் மூவரும் கிளம்பிவிடுவோம். மெட்ராஸ் நண்பன் தோசைப்பொடி, ஊறுகாய், ஒரு குக்கர், சின்ன கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கி டிக்கியில் வைப்பான். பாலைவனத்தின் நடுவில் குக்கர் விசில் அடிக்கும். பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

டெத் வேலிப் பாலைவனத்துக்கு நாங்கள் முதல் தடவை போனது நவம்பரில், மூன்று நாள் விடுமுறை வந்த ஒரு வாரக்கடைசியில். பள்ளத்தாக்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு கம்பத்தில் தகரப்பெட்டி இருந்தது. உள்ளே ஒரு நோட்டும் பென்சிலும். உள்ளே போகிறவர்கள் பெயர், எத்தனை பேர், எத்தனை மணி என்று எழுதிவிட்டுப் போகவேண்டும். யாராவது திரும்பவில்லை என்றால் தேடுவதற்காக. யாழ்ப்பாண நண்பன் அந்த நோட்டைப் பார்த்தான். பென்சிலைத் தொடவில்லை.

“இது யாருக்குப் போகும்?” என்றான்.

“பார்க் ஆபீசுக்கு” என்றேன்.

“அதுவும் கவர்மென்ட்தானே.”

மெட்ராஸ் நண்பன் சிரித்தான். “டேய், இவங்க என்ன உன்னை மலையிலேருந்து கொழும்புக்கு பார்சல் பண்ணப் போறாங்களா?”

“உனக்குப் பேப்பர் இருக்கு, சிரிப்பாய்” என்றான் அவன்.

நான்தான் பென்சிலை எடுத்தேன். என் பெயரை எழுதி, எத்தனை பேர் என்ற கட்டத்தில் 2 என்று போட்டேன். “போதுமா?” என்றேன். அவன் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. எந்த மலைக்குப் போனாலும் நோட்டில் நான் எழுதுவேன், இரண்டு என்று எழுதுவேன். அதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாகக்கூட நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களைப் போல் காகிதத்துக்குப் பயந்தவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். அந்த நோட்டு எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதை யோசிக்கவே இல்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் அன்று நடந்ததையும் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் சுவர் போல் பாறை. கையை நீட்டினால் இரண்டு பக்கமும் தொடலாம் போல அவ்வளவு குறுகல். வழியில் தண்ணீர் இல்லாத அருவி ஒன்று, இரண்டு ஆள் உயரம். அவர்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள். நான் ஏறினேன். ஏறிய பிறகு இறங்க முடியவில்லை. கால் வைக்க இடம் தெரியவில்லை. ஒரு அடி அகலத் திட்டில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன். மெட்ராஸ் நண்பன் கயிறு எடுத்துவரக் காருக்கு ஓடினான். போக வர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் யாழ்ப்பாணத்துக்காரன் எனக்கு நேர் கீழே வெயிலில் கையை விரித்துக்கொண்டு நின்றான். நான் விழுந்தால் பிடிக்கமுடியாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“மாப்பிளை, கீழ பாக்காத. உனக்குப் பொம்பிளை தருவம் எண்டு இருக்கிற சனத்தை நினை” என்பான்.

“நீ போய் நிழல்ல உட்காருடா” என்றேன்.

“நான் போனா நீ குதிப்பாய். எனக்குத் தெரியும் உன்ர புத்தி.”

பேசிக்கொண்டே இருந்தான். அவன் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் மேட்ச், அவன் அம்மா வைக்கிற ஒடியற்கூழ், சைக்கிளில் விழுந்து பல் உடைந்தது. நான் அசந்துபோய்விடக் கூடாது என்பதற்காக அப்படிப் பேசினான் என்று பிறகு சொன்னான். கயிறு வந்து நான் தரையில் இறங்கியதும் அவன் மணலில் உட்கார்ந்து தன் தோள்களைப் பிடித்துவிட்டுக்கொண்டான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவன் சொன்னதை நாங்கள் ஒரு சட்டமாகவே எடுத்துக்கொண்டோம். “இனி ஆராவது தவறினா, நிண்ட இடத்திலயே நிக்கவேணும். அலையக்கூடாது. மற்ற ரெண்டு பேரும் கட்டாயம் வருவினம்.”

அதற்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சியரா மலைக்குப் போனோம். அந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் பையன் இருக்கிறான் என்றால் பனியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற படம் ஒன்று அனுப்பவேண்டும் என்று அக்கா எழுதியிருந்தாள். அப்போது அது ஒரு மரபு. கலிபோர்னியாவில் எங்கள் வாசலில் ஆரஞ்சு மரம்தான் இருந்தது. பனியை நாலு மணி நேரம் காரோட்டித்தான் தேடிப் போகவேண்டும். புதிதாக ஒரு நிக்கான் வாங்கியிருந்தேன். இன்னொரு விஷயமும் இருந்தது. மூன்று வாரத்தில் எனக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ.

மலைச்சாலை முடியும் இடத்தில் கார்களை நிறுத்துகிற ஒரு திடல். ஓரத்தில் ஒரு கழிப்பறைக் கொட்டகை, ஒரு தகரப்பெட்டி. வழக்கம்போல் என் பெயரையும் 2 என்றும் எழுதினேன். பனியில் நடக்கிற அகலச் செருப்புகளைக் காலில் கட்டிக்கொண்டு மூன்று மைல் ஏறினோம். மேலே உறைந்துபோன ஏரி. கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். சோறு கல்லாகியிருந்தது. மெட்ராஸ் நண்பன் அதைப் பாறையில் தட்டி, “இத வச்சு வீடு கட்டலாம்” என்றான். பிறகு படம் எடுத்தோம். எடுத்தவன் யாழ்ப்பாணத்துக்காரன்.

“தொப்பையை உள்ளுக்கு இழு. பொம்பிளை வீட்டார் பயந்துபோவினம்.”

“எடுடா சீக்கிரம், கை மரத்துப்போச்சு.”

“சிரி. சம்பளத்தைக் கேட்டா சொல்லுற மாதிரிச் சிரி.”

நான் சிரித்தது அதற்குத்தான். அந்தப் படம் நன்றாக விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் என் மனைவி வீட்டார் சம்மதித்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு அது வெகுநாள் மாட்டியிருந்தது. யார் எடுத்தது என்று விருந்தாளிகள் கேட்டால், ஒரு நண்பன் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

பாதி தூரம் இறங்கியபின்தான் தோளில் கேமரா இல்லாததைக் கவனித்தேன். பாறைமேலேயே விட்டுவிட்டேன். வானம் சாம்பல் நிறமாகியிருந்தது. “விட்டுத் தொலைடா, இன்னொண்ணு வாங்கிக்கலாம்” என்றான் மெட்ராஸ் நண்பன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. யாழ்ப்பாண நண்பன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். எங்களில் அவன்தான் வேகமாக நடக்கிறவன். “நீங்கள் போய்க் காரைச் சூடாக்குங்கோ. நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்றான். நான் தடுக்கவில்லை. தாங்க்ஸ் டா என்றேன்.

நாங்கள் திடலுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் காரைத் தவிர வேறு கார் இல்லை. பனி விழ ஆரம்பித்திருந்தது. முக்கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். கீழேயிருந்து மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டு ஒரு டிரக் வந்தது. வயதான வனக்காவலர், மீசையில் பனித்தூள். புயல் சொன்ன நேரத்துக்கு முன்பே வருகிறது, கீழே கேட்டைப் பூட்டப்போகிறோம், உடனே என் பின்னால் வாருங்கள் என்றார். பெட்டியைத் திறந்து நோட்டைப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து குனிந்து கேட்டார், எத்தனை பேர் நீங்கள் என்று.

பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பதில் சொல்வதற்குமுன் எனக்கு நேரம் இருந்தது. நோட்டில் ஏன் இரண்டு என்று எழுதினாய் என்று கேட்பார் என நினைத்தேன். தேட ஆட்கள் வருவார்கள், அவன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறான் என்பார்கள். என் விலாசத்தில் விசா இல்லாத ஒருவன் இருக்கிறான் என்பது ஏதோ ஒரு காகிதத்தில் ஏறும். மூன்று வாரம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் அந்தக் காகிதத்தைப் புரட்டுவான். இவ்வளவும் ஓடியது. அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார்.

மெட்ராஸ் நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “டேய், என்னடா சொன்ன?”

“இரு.”

“என்ன இரு? ஹாரன் அடி. அந்தாள்கிட்ட சொல்லு.”

“சொன்னா அவனைப் பிடிச்சிருவாங்கடா. அவனுக்காகத்தான் சொல்றேன். ஒரே ரோடு, நேரா இறங்கி கேட்டுக்கு வந்துருவான். கேட்டுல நிப்போம்.”

“அவனுக்காகவா?” என்றான். அவ்வளவுதான் கேட்டான். நான் டிரக்கின் பின்விளக்கைப் பார்த்தபடி காரை ஓட்டினேன்.

கேட் மூன்று மைல் கீழே இருந்தது. அதைப் பூட்டிவிட்டு வனக்காவலர் போய்விட்டார். நாங்கள் இருவரும் கேட்டைத் தாண்டி மேலே நடந்தோம். அரை மைல் போயிருப்போம். முகத்தில் ஊசி மாதிரிப் பனி குத்தியது, கண் தெரியவில்லை, திரும்பிவிட்டோம். கேட்டுக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த கடை ஒன்றின் சுவரில் போன் இருந்தது. மெட்ராஸ் நண்பன் ரிசீவரை எடுத்து எண்ணைச் சுழற்றினான். நான் விரலை நீட்டி ரிசீவர் தொங்குகிற கொக்கியை அழுத்தினேன். இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றேன். அவன் இரண்டாவது தடவை எடுத்தான். இரண்டாவது தடவையும் அழுத்தினேன். அவன் என்னை அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. ரிசீவரை விட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு மணி நேரம் இன்னொரு மணி நேரமாயிற்று. பிறகு, இப்போது சொன்னால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. விடிகிறவரை அந்தக் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அவன் ஏன் இறங்கி வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஏரிக்கரையில் அவன் இடதுகால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிருக்கிறது. நனைந்த காலோடு கேமராவை எடுத்துக்கொண்டு, பாதை மூடிப்போனதால் தட்டுத்தடுமாறித் திடலுக்கு வந்திருக்கிறான். காரைக் காணோம். டயர்த் தடங்கள் மட்டும் இருந்திருக்கின்றன. ஆள் கூட்டிவரத்தான் போயிருக்கிறார்கள் என்று நினைத்தானாம். சாலையில் இறங்கி நடந்திருந்தால் மூன்று மைல், ஒருவேளை தப்பித்திருப்பான். ஆனால் தான் சொன்ன சட்டப்படி நின்ற இடத்திலேயே நின்றான். அந்தக் கழிப்பறைக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் எங்களுக்காகக் காத்திருந்தான்.

விடிகாலையில் பனி தள்ளுகிற வண்டி மேலே போயிற்று. அதை ஓட்டியவர் கொட்டகையைத் திறந்து பார்த்தது தற்செயல். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி இறங்கியபோது நாங்கள் அதன் பின்னாலேயே போனோம்.

அடிவாரத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அவன் கட்டிலில் படுத்திருந்தான். இடது பாதத்தில் பெரிய கட்டு. எங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை இன்றைக்கு வரை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“நான் சொன்னனே” என்றான் நர்ஸ் போனபிறகு, மெல்ல. “நீங்கள் சொல்லித்தானே வந்தவங்கள்?”

மெட்ராஸ் நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான், “ம்” என்றேன்.

“எனக்குத் தெரியும். வண்டிச் சத்தம் கேட்டவுடன எனக்குத் தெரியும் மச்சான்.” கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். “இஞ்ச கேட்டவை, ஆரோட வந்தனீ எண்டு. தனியத்தான் வந்தனான் எண்டு சொல்லிப்போட்டன். உங்கட பேர் இதில வரவேண்டாம். உனக்கு இன்டர்வியூ இருக்கெல்லே.”

பிறகு தலையணைக்குப் பக்கத்திலிருந்த பையைக் காட்டி, “கேமரா அதுக்குள்ள இருக்கு, ஈரம் படேல்ல” என்றான்.

அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். கேள்விகளுக்குப் பயம். நாங்கள் கூட்டிவந்தோம். இரண்டு வாரம் கழித்து அந்தக் காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். நிற்க முடியாதவனைப் பங்கில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு கிரீன் கார்டு கிடைத்தது. அந்த வசந்தத்தில் அவன் பஃபலோ வழியாக கனடாவுக்குள் போய் அகதியாகப் பதிவுசெய்துகொண்டான். பஸ் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, “நீ இல்லாட்டி நான் இல்ல” என்றான். மெட்ராஸ் நண்பன் வழியனுப்ப வரவில்லை. அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் மலைகளுக்குப் போவது அதோடு முடிந்தது. மெட்ராஸ் நண்பன் சாகிற வரை என்னோடு மரியாதையாகத்தான் பேசினான், கல்யாண வீடுகளில் பார்க்கும்போது.

நான் நியூஜெர்சிக்கு மாறி வந்தேன். கல்யாணம், பிரிட்ஜ்வாட்டரில் வீடு, இரண்டு பையன்கள். டொராண்டோவிலிருந்து வருஷம் ஒருமுறை யாழ்ப்பாண நண்பன் போன் செய்வான். அங்கே ஒரு கணக்காய்வாளரிடம் வேலை பார்ப்பதாகவும், கல்யாணம் செய்துகொண்டதாகவும், மகள் பிறந்திருப்பதாகவும் சொல்வான். நீ ஒருக்கா வா என்பான். நான் வேலை, பிள்ளைகள் என்று காரணம் சொல்வேன். முப்பது வருஷம் அப்படியே தள்ளிப்போட்டேன். ரிடையர் ஆனபிறகு ஒருநாள் என் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்தாள். “எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போறது? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்கோ” என்றாள்.

போனேன். தனியாகக் காரோட்டிக்கொண்டு போனேன். ஸ்கார்பரோவில் ஒரு சின்ன வீடு. அவன் வாசலிலேயே நின்றிருந்தான், முடி முழுவதும் வெளுத்து, இடது பக்கமாகச் சாய்ந்து. உள்ளே அவன் மனைவி சமைத்து வைத்திருந்தார். மகள் டீச்சர் வேலை பார்க்கிறவள். வேலையிலிருந்து நேராக என்னைப் பார்க்க வந்திருந்தாள்.

“அங்கிள், நீங்கதானே அந்த ஸ்னோ ஸ்டோரி அங்கிள்? ரெஸ்க்யூ டீமை அனுப்பினது நீங்கதானே?” என்றாள். “சின்ன வயசில பெட் டைம் ஸ்டோரியே அதுதான். எப்ப பயந்தாலும் அப்பா அதைத்தான் சொல்லுவார். நிண்ட இடத்தில நில்லு, உனக்கு வேண்டியவங்க கட்டாயம் வருவாங்க எண்டு.”

அவன் சிரித்துக்கொண்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் பிட்டு வைத்தான். “வடிவாச் சாப்பிடு. இவன் வெட்கப்படுறான்” என்றான்.

மறுநாள் காலை இருவரும் அவன் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்தோம். அவன் மெதுவாகத்தான் நடக்க முடியும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். வனக்காவலர் வந்ததை, கேட்டதை, சொன்னதை, போன் கொக்கியை. அவனுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்ற பேச்சை எடுக்கவில்லை. அந்த அளவுக்காவது நேர்மையாக இருந்தேன்.

அவன் எதிரில் இருந்த காலி ஊஞ்சலைப் பார்த்தான்.

“கேட்டவரோ?” என்றான். “அவர் உன்னட்டக் கேட்டவரோ, எத்தினை பேர் எண்டு?”

“கேட்டார்.”

“அப்ப அந்தப் பனி தள்ளுற வண்டி?”

“அதுபாட்டுக்கு வந்தது. நாங்க சொல்லலை.”

பிறகு இரண்டு கைகளையும் பெஞ்சில் ஊன்றி எழ முயன்றான். நான் கை கொடுக்கப் போனேன். அவன் பார்க்காத மாதிரி தானே எழுந்துகொண்டான். “குளிருது. வீட்ட போவம்” என்றான். மத்தியானம் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தான். கவனமாப் போ என்றான். திட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மாதம் இரண்டு கழித்து அவன் மனைவி போன் செய்தார்.

“அண்ணை, கோபத்தில கதைக்கேல்ல” என்றார். “ஏன் வந்து சொன்னீங்கள் எண்டு கேக்கத்தான் எடுத்தனான். கால்விரல் போனதுக்கு அவர் ஒருநாளும் அழேல்ல. ஊரில சகோதரங்கள் செத்ததுக்கும் தாங்கினவர். எல்லாத்துக்கும் அந்த ஒரு கதையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். இப்ப பின்னேரத்தில லைட்டையும் போடாமல் இருக்கிறார்.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிக்கச் சொல்லியிருப்பேன்.

“அவருக்கு நீங்கள் எடுக்கவேண்டாம்” என்றார். “பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. சொல்லவேண்டாம் எண்டு அவர் சொல்லிப்போட்டார். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த மகளிடம் என் நம்பர் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுகிறாள். அப்பா இப்பெல்லாம் ரொம்ப சைலன்ட் ஆயிட்டார் அங்கிள், வயசு போலிருக்கு, நீங்க ஒருக்கா வந்தா சந்தோஷப்படுவார் என்கிறாள். பார்க்கலாம்மா என்கிறேன். போன பொங்கலுக்குக் கூப்பிட்டபோது தன் பையனுக்கு நாலு வயது ஆகிவிட்டது என்றாள். அவனுக்கு அந்தப் பனிக் கதையைத் தாத்தா சொல்லமாட்டேன் என்கிறாராம், மறந்துபோச்சு என்கிறாராம். “நீங்களே சொல்லுங்க அங்கிள், ஸ்பீக்கர்ல போடுறன்” என்றாள். அந்தப் பக்கம் குழந்தை மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

ஒரு பெரிய மலை இருந்தது என்று ஆரம்பித்தேன். அவன் தாத்தா எல்லோரையும்விட வேகமாக நடப்பார் என்றேன். நண்பனின் கேமராவுக்காகத் திரும்பிப் போனார், பனி கொட்டியது, அவர் பயப்படாமல் ஒரு கொட்டகைக்குள் நின்றார் என்றேன்.

“அண்ட் தென்?” என்று கேட்டது குழந்தை.

“காலையில வண்டி வந்துச்சு” என்றேன்.

“ஹூ சென்ட் இட்?”

அவன் அம்மா சிரித்தாள். “சொல்லுங்க அங்கிள்” என்றாள். நான் கொடுத்த வாக்கு இருக்கிறது. தாத்தாவோட ஃப்ரெண்ட்ஸ் என்று சொன்னேன்.